எட்டாயிரம் ரூபாய்ப் பட்டியல்

வாசிகசாலைக்குப் பிரதேச சபை
எட்டாயிரம் ஒதுக்கியிருக்கு.
காட்டுக்கீரை, காட்டுக்கிழங்கு, காட்டுப்பழம்,
அந்த ஒரு தட்டுக்கு மட்டும்.
ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன் என்பதால்
புத்தகம் தெரிவுசெய்ய
என்னைப் பிடித்துவிட்டாள் நஸ்லிஹா.

வாழைச்சேனை வெயில். மேசையில் ஏழு புத்தகம்.
விசிறிக்குப் பக்கங்கள் தானாய்ப் புரளுகின்றன.

முதலாவது பளபளப்பு.
ஒவ்வொரு இலையும் கல்யாண அல்பத்துக்கு நிற்பதுபோல் நிற்கிறது.
பூச்சி அரித்தது ஒன்றுகூட இல்லை.
எங்கள் காட்டில் அப்படியொரு இலையை
நான் கண்டதேயில்லை.

இரண்டாவதில் எல்லாமே 'சத்து நிறைந்தது'.
நூற்றிருபது செடி, நூற்றிருபது தரம்.
ஒன்றையாவது தின்னாதே என்று சொல்லாத புத்தகத்தை
எப்படி நம்புகிறது?

எனக்கொரு பரீட்சை இருக்கு.
பின்பக்கம் திருப்பிக் கார்த்திகைப்பூவைத் தேடுவேன்.
அழகு, கொடி, மருந்து என்று முடித்தால்
மூடிவிடுவேன்.
கிழங்கைப் படம் போட்டிருக்கோ,
வள்ளிக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டிருக்கோ,
இலைநுனி சுருண்டு மற்றதைப் பிடிக்கும் என்று
ஒரு வரி எழுதியிருக்கோ?

போன மாரியில் கோணாமலையை அம்புலன்ஸில் இறக்கினபோது
மனுசி உரப்பையில் கொண்டுவந்த மிச்சக் கிழங்கு
கலப்பைபோல் வளைந்து கிடந்தது.
"வள்ளி எண்டுதான் கிண்டினது. மறுகாத்தான்..."
முடிக்கவில்லை.
ஆள் தப்பிவிட்டார்.
தலைமயிர் மட்டும் கொத்துக் கொத்தாய்ப் போனது.

மூன்று, நாலு, ஐந்தில் வீரைப்பழமே இல்லை.
கொட்டிக்கிழங்கை யாரோ குளக்கரையில் நின்று எழுதியிருக்கிறார்.
இறங்கினவர் சேற்றைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஆறாவதுக்கு அட்டையில்லை. விலை முந்நூறு.
வெறும் கோட்டுப்படம்.
ஆனால் எந்த மாதம்,
எத்தனை தரம் அவித்துத் தண்ணி வடிப்பது,
எதோடு மாறிப்போகும், எல்லாம் இருக்கு.
காளான் பக்கத்தில் எழுதினவர் சொல்கிறார்:
'இதில் எனக்கு நிச்சயமில்லை. விட்டுவிடுங்கள்.'
கீழே பென்சிலில் இன்னொரு கை:
'நான் விடவில்லை. மூன்று நாள் வயிற்றாலை போனது.'

"கிறுக்கின புத்தகம் எடுக்க ஏலாது.
கணக்காய்வில கேப்பாங்க."
கேட்கட்டும்.
பட்டியலில் முதலாவதாய் அதைத்தான் எழுதினேன்.

ஏழாவதின் அட்டையில் சமைத்த கோப்பை.
திறக்கவில்லை.

"மிச்சக் காசுக்கு?"
"பென்சில்" என்றேன்.
நஸ்லிஹா சிரிக்கவில்லை.
எத்தனை என்று கேட்டாள்.