பால் கண்ணாடி

பர்ஹாத் என்கிற பெடியன்
பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தான்,
கொப்பி அளவு.
பிளக்கில் வயரைச் செருகினால் தெளிவு,
கழற்றினால் பால்.
"கரண்ட் போனா?"
"பால்தான், மிஸ்."

மற்றது பிளைன்ட்ஸ்.
போனில் ஒரு தட்டு, மோட்டார் இறக்கிவிடும்.
உப்புக்காற்றுக்கு இரண்டு வருஷம் தாங்குமாம்,
எழுத்தில் தரமாட்டார்கள்.

வெள்ளவத்தையில் ஆறாம் மாடி.
கடல் எங்களுக்கு ஒரு சாண்,
இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவில்
செருகி வைத்த நீல டிக்கெட் மாதிரி.
மிச்சமெல்லாம் எதிர்வீட்டுக் குசினி.

சுதர்மனுக்குக் கண்ணாடிதான் வேணும்.
துணியென்றால் தூசி, தூசியென்றால் தும்மல்.
விலையைக் கேட்டபோதும் தும்மினார்.

நான் பார்த்த கணக்கு வேறு.
நாலு மணி வெயில்
பாலுக்குள்ளாலும் வரும்;
சோபாவின் ஒரு கை ஏற்கெனவே வெளிறிக் கிடக்கிறது.
இரவில் லைட்டைப் போட்டால்
நைட்டியோடு நடக்கிற என் நிழல்
ஊருக்கு இலவசக் கூத்து.

எதிர்வீட்டில் ஒருத்தி
விடிய ஆறு மணிக்குப் பருப்புக் கழுவுவாள்.
பெயர் தெரியாது.
போன மழைக்கு எனக்குக் காய்ச்சல்,
ஒரு கிழமை குசினிப் பக்கமே போகவில்லை.
எட்டாம் நாள்
ஈரக் கையை உயர்த்தி, விரல் விரித்து
என்ன என்று கேட்டாள்.
தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஃபேன் மெதுவாகிற சத்தம்.
கரண்ட் போய்விட்டது.
பர்ஹாத் பிடித்திருந்த கண்ணாடி வெளுத்தது,
அதற்குப் பின்னால் அவன் முகம் இல்லை.

படுக்கையறைக்குப் பிளைன்ட்ஸ் என்று எழுதச் சொன்னேன்.
ஹோலுக்கும்.
சுதர்மன் ஒன்றும் கதைக்கவில்லை.

"குசினி யன்னலுக்கு, மிஸ்?"
டேப்பை அவன் இன்னும் சுருட்டவில்லை.