எட்டு நாற்பத்தேழு

செவ்வாய் காலை வரைபடத்தில்
எங்கள் மாவட்டம் மஞ்சள்.
மதியம் ஆரஞ்சு.
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுத் திரும்பும்போது
சிவப்பு.

போன வாரமும் இப்படித்தான்.
என் பேச்சைக் கேட்டு ஊரே நிலவறையில் இறங்கி
இரண்டு மணி நேரம் உப்பு பிஸ்கட் தின்றுவிட்டு
ஏறி வந்தது.
அன்றிலிருந்து பெட்ரோல் பங்க் வெண்டல்
என்னைக் கண்டால் “புலி வந்ததா?” என்கிறான்.

நெப்ராஸ்காவில் மே மாதப் பச்சை
தரையில் இருக்க வேண்டும்.
இன்று வானத்தில் இருந்தது,
அடிபட்டுக் கன்றிய தோலின் பச்சை.

சரளைச் சாலையில் வண்டியை நிறுத்தித்
தெற்கே திருப்பி வைத்தேன், ஓட வசதியாக.
முதலில் பட்டாணி அளவில் விழுந்தது.
பிறகு எலுமிச்சை.
கண்ணாடியில் விரிசல் ஓடியதும்
அளவு சொல்வதை விட்டுவிட்டேன்.
தவளைகள் ஒரே நொடியில் வாயை மூடின.
வடமேற்கே மேகத்தின் அடிவயிறு தாழ்ந்து
மோர் கடைகிற மாதிரி
அவசரமில்லாமல் சுற்றியது.

அப்புறம் மழை எல்லாவற்றையும் மூடிவிட்டது.
இருட்டில் சுழலைப் பார்க்க முடியாது.
அது எதைத் தொடுகிறது என்று பார்க்கலாம்:
மின்மாற்றி வெடித்து நீலமாய் ஒரு பொறி,
கொஞ்சம் கிழக்கே இன்னொன்று,
மூன்றாவது
ஆர்வில் குபிசெக் வீட்டு வளைவில்.

பதினொரு வருடம் அந்த அடுப்பில் சமைத்தவள் நான்.
நிலவறைக் கதவின் கீல் துருவேறியது தெரியும்.
ஊர்ச் சங்கு அதுவரை எட்டாது என்பதும்.
ரேடியோவில் பெயர்களுக்கு இடமில்லை.
“பதினான்காம் சாலை. கிழக்கே நகர்கிறது.
தரையைத் தொட்டுவிட்டது.”
“உறுதியா?”
“உறுதி.”
பொத்தானை விட்ட பிறகுதான்
கை நடுங்க ஆரம்பித்தது.

மறுநாள் அறிக்கையில் ஒரே வரி:
எட்டு நாற்பத்தேழு, தன்னார்வலர், தரையில் சுழல்.
களஞ்சியம் போயிற்று. இரண்டு கன்றுகள்.
பாப்லார் மரத்தில் கூரைத் தகரம்
ஈரத்துணி போலச் சுற்றிக் கிடந்தது.

மதியம் ஆர்வில் கூப்பிட்டான், ஆறு வருடம் கழித்து.
“ரேடியோவில் நீதானே?”
“ஆமாம்.”
“காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோலச் சொன்னாய்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும். இறங்கிவிட்டேன்.”
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
“கதவு திறந்ததா?”
“கீலுக்கு எண்ணெய் போட்டேனே, போன வாரம்,
உன் புலி வராத அன்று.”

வெள்ளிக்கிழமைக்கு மறுபடி மஞ்சள் காட்டுகிறார்கள்.
வண்டிக்குக் கண்ணாடி போடுகிறவன்
திங்கட்கிழமைதான் வருவானாம்.