டப்பாவின் மேல் ஓர் இலை

படகில் நான் முன்னால், போரோகா பின்னால்.
ஆறு வருடம் ஒரே படகு.
பந்தயத்தில் ஒருமுறைகூட
அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
துடுப்பு நீரைக் கவ்வும் ஓசையிலேயே
தூங்கினாளா, அழுதாளா,
காலையில் சாப்பிட்டாளா என்று தெரிந்துவிடும்.

பட்டாணிப் புரத மாவை முதலில் குடித்தவள் நான்தான்.
ஈரச் சுவரை நக்கியது போல இருந்தது.
போரோகா விழுந்து விழுந்து சிரித்தாள்,
அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளும் குடித்தாள்.
இறைச்சியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது அவளுக்கு.
அப்பா பன்றிப் பண்ணைக்காரர் என்பது
வேறு கதை.

பந்தயத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு
பீட்ரூட் சாறு, ஒரு சின்னக் குப்பி.
மண் வாசனை. பல்லெல்லாம் சிவப்பு.
தொடக்கக் கோட்டில் நாங்கள் இருவரும்
யாரையோ கடித்துவிட்டு வந்தவர்கள் போல இளிப்போம்.
இரவில் புளிப்புச் செர்ரி:
செகெட் சந்தையில் ஒரு தாடிக்காரன்
வாளி வாளியாக விற்பான், கொட்டையோடு.
மறுநாள் தோள் கொஞ்சம் குறைவாக வலிக்கும்,
அல்லது வலிக்கவில்லை என்று நம்பினோம்.
நம்பிக்கை எத்தனை கிராம் என்று
எந்த டப்பாவிலும் அச்சடிப்பதில்லை.

மே மாதம் அவள் ஒரு புது டப்பா கொண்டுவந்தாள்.
மூடியில் ஓர் இலை.
முழுக்கத் தாவரம் என்று கொட்டை எழுத்தில்.
கீழே ஐந்தாறு வேர்களின் பெயர்கள்,
ஒன்று சைபீரியாவில் விளைவதாம்.
“இலைதானே” என்றாள்.
“இலைதானே” என்றேன் நானும்.
அவள் வீட்டு வாசல் தொட்டியில் நிற்கும்
அரளியும் இலைதான்.
அன்று அது நினைவுக்கு வரவில்லை.

பரிசோதனைக்கு வந்த பெண்மணி
கோப்பையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்:
ரோஜா நிறச் சிறுநீர்.
“பீட்ரூட்!” என்றோம் ஒரே குரலில்.
அவளும் சிரித்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்.
சிவப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை,
பச்சைதான் மாட்டிக்கொண்டது.
அட்டையில் எழுதாத ஏதோ ஒன்று,
எந்த மண்ணிலும் முளைக்காதது,
வாயில் நுழையாத பெயர்.
அந்த இலை
பச்சைப் பொய்.

நானும் அதே டப்பாவில் கரண்டி விட்டிருக்கிறேன்.
இரண்டு முறை.
மூன்றாகவும் இருக்கலாம்.
அன்று சீட்டு அவள் பெயருக்கு விழுந்தது, அவ்வளவுதான்.
விசாரணை மேசையில் என்னை யாரும் கேட்கவில்லை.
அவளைக் கேட்டார்கள்.
முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு
“நான் மட்டும்தான்” என்றாள்.
எதிர் நாற்காலியில் இருந்து
அந்த முகத்தை முழுசாகப் பார்த்தேன்.
வாயைத் திறக்கவில்லை.

இப்போது பின்னால் எமெஷெ உட்காருகிறாள்.
பத்தொன்பது வயது, நல்ல பலம்.
அவள் குளிக்கப் போகும்போது
பையைத் திறந்து டப்பாக்களைப் படிக்கிறேன், திருடி மாதிரி.
நான் குடிப்பது வேகவைத்த மைசூர்ப் பருப்பு.
எமெஷெ அதை வேண்டாம் என்கிறாள்.

தடை முடிய இன்னும் பதினோரு மாதம்.

ஞாயிறு அதிகாலை
தாடிக்காரனிடம் வாங்கிய ஒரு வாளிச் செர்ரியை
இரவெல்லாம் கொட்டை நீக்கி
போரோகா வீட்டு வாசலில் வைத்தேன், அரளித் தொட்டிக்குப் பக்கத்தில்.
விரலெல்லாம் சாயம்.
மணியை அடிக்கக் கை போனது, அடிக்கவில்லை.
உள்ளே பயிற்சி இயந்திரத்தின் கயிறு
இழுபட்டு இழுபட்டுத் திரும்பும் ஓசை.
இடது சரி. வலது ஒரு நூல் தாமதம்.

தூங்கியிருக்கிறாள்.
இன்னும் சாப்பிடவில்லை.