பாதி வீடு

வேன் ரீனன் ஏற்றத்தில்
மூன்றாவது வளைவுக்கு முன்பே
கோம்பி மூச்சு விட்டுவிட்டது.
எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி.
மார்கேட்டில் ஓய்வுபெற்ற ஒருவர்
மனைவியோடு கடல் பார்க்க வைத்திருந்தது.
கூரையைத் தூக்கினால் படுக்கை,
பலகையை மடக்கினால் அடுப்பு,
ஜன்னலுக்கு ஆரஞ்சுப் பூப்போட்ட திரை.
அதற்குள்தான் நாங்கள்
சாட்ஸ்வர்த் வீட்டைத் திணித்திருந்தோம்,
கிம்பர்லி வரைக்கும்.

எஞ்சின் பின்னால் இருக்கிறது,
கனத்தை முன்னால் வை என்று
தெருவே சொல்லி அனுப்பியது.
முன்னால் நாங்கள் இருந்தோம்.

குணசீலன் இறங்கிப்போய்
பின்மூடியைத் திறந்து முறைத்தான்,
உரிமச்சீட்டில் தன்னைக் கொனசீலன் ஆக்கிய
எழுத்தரை முறைத்த மாதிரி.
ஆறட்டும் என்றான்.
அரைமணி நேரம் ஆறியது.
பிறகு என் முகம் பார்க்காமல்
"ரெண்டு நடையா போயிடலாம்."

சாலை ஓரத்துச் சரளையில் இறக்கினோம்
வாஷிங் மெஷினை,
கட்டிலின் தலைப்பக்கத்தை, கால்பக்கத்தை,
ஐந்து நாற்காலிகளை,
பெயிண்ட் டப்பாவில் வளர்ந்த கறிவேப்பிலையை,
மாமியார் கொடுத்த
ஆளுயரக் கண்ணாடி பீரோவை,
என்னை.

மீதி வீட்டோடு அவன்
பனிக்குள் ஏறி மறைந்தான்.
சிவப்பு விளக்கு ஒன்றுதான் எரிந்தது,
இன்னொன்று லேடிஸ்மித்திலேயே போய்விட்டது.

சுவர் இல்லாத வீட்டில்
எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.
வழக்கம்போல
வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
மட்டன் சமோசா இரண்டு தின்றேன்.
மக்காச்சோள லாரிகள் முக்கி முனகி ஏறின.
ஒரு டிரைவர் ஹாரனை அழுத்தி
கண்ணைக் காட்டித் திட்டினான்.
அப்புறம்தான் புரிந்தது,
பீரோக் கண்ணாடி அவன் வெளிச்சத்தை
அவனுக்கே திருப்பி அடித்திருக்கிறது.
படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்தினேன்.

போர்த்தியதும்
அது விற்பனைக்கு என்று தோன்றிவிட்டதோ என்னவோ,
ஒரு பக்கி வந்து நின்றது.
தோளில் பசோத்தோ கம்பளி, கையில் டார்ச்.
விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்,
கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தாள்.
"எவ்வளவு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
நானூறு ராண்ட் என்று வந்தது.

முந்நூற்றைம்பதும்
ஒரு பை உருளைக்கிழங்கும் என்று முடிந்தது.
அவள் மகன், பதினாறு வயதிருக்கும்,
ஒற்றை ஆளாய் அடிப்பக்கத்தைத் தூக்கினான்.
மேல்பக்கத்தை நாங்கள் இருவரும்.
மல்லாக்கப் படுத்த பீரோவில்
பனி மட்டும் தெரிந்தது.
மாலெராட்டோ என்றாள் தன் பெயரை.
நீலாவதி என்றேன்.
திருப்பிச் சொன்னாள்,
ஓர் எழுத்து சிந்தாமல்.

அவன் வரும்போது மணி நாலு.
இறங்கியதும் எண்ணினான்.
"பீரோ?"
"வித்துட்டேன்."
லாரி ஒன்று முழுசாகக் கடந்துபோனது.
"எவ்வளவுக்கு?"
சொன்னேன்.
பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தான்.
"கெழங்க முன்னால வை."

இரண்டாம் கியரில் ஏறியது கோம்பி,
அழுதுகொண்டே, ஆனால் ஏறியது.
மேலே பெட்ரோல் பங்கில்
எங்கள் முதல் பாதி
டயர்களுக்கு நடுவே காத்திருந்தது.
பங்க் பையன்
எங்கள் மெத்தைமேல் தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்ப மனம் வராமல்
குணசீலன் முதலில் தேநீர் வாங்கினான்.

கிம்பர்லி தட்டையான ஊர்,
தோண்டிய பள்ளம் தவிர.
துணியெல்லாம் வாழைப்பழப் பெட்டிகளில் இருக்கிறது.
கறிவேப்பிலை ஒரு பக்கம் மட்டும் துளிர்க்கிறது.
கிழங்கு மூன்று வாரம் வந்தது:
பொரியல், குழம்பு,
மறுபடி பொரியல்.

நேற்று சில்லறை தேடும்போது
பைக்குள் ஒரு சாவி.
வளைவில் கதவு ஆடக்கூடாதென்று
சாட்ஸ்வர்த்திலேயே பூட்டினேன்.
உள்ளே, ஹேங்கரில்,
அவனுடைய கல்யாணக் கோட்டு.

அவன் இன்னும் கேட்கவில்லை.
யாருக்காவது கல்யாணம் வரும், கேட்பான்.
அதுவரைக்கும் இந்தச் சாவியால்
பெயிண்ட் டப்பா திறக்கிறேன்,
சமையலறைக்கு வெளிர்மஞ்சள்.

பூட்டை உடைத்திருப்பார்கள்.
அந்தப் பையனுக்குத்
தோள் அகலம்
சரியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.