பத்துப் பேர் வரை

இத்தலார் வளைவில் பேருந்து இருமியபோதே
போஜன் மூன்றாவது தடவை அழைத்துவிட்டார்:
"சார், பெட்டி என்னை உள்ளே விடமாட்டேங்குது."

மஞ்சூருக்கு மேலே ஆடி மழை.
தொழிற்சாலைச் சுவரெல்லாம் வியர்வை.
எடைமேடையில் இலை மூட்டைகள் சொட்டின.
சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி
கையில் பாஸ்புத்தகத்தோடு ஒரு வரிசை.
போஜன் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்,
இந்தக் காற்றில் மை நிற்காது.

எல்லாக் கோப்பும் இருக்கிற அந்தக் கணினி
கணக்கறை மூலையில், மேசைக்கு அடியில்,
நான்கு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது.
அதை வாங்கிய வருடம் பிறந்த பிள்ளைகள்
போன தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள்.
ஒரே நேரத்தில் பத்துப் பேர்,
அதற்குமேல் கதவில்லை.
கிண்ணக்கொரை மினிபஸ்ஸில்கூட
நூறாவது ஆளுக்கும் "உள்ள போ, உள்ள போ" உண்டு.
இதற்கு அந்த மனது கிடையாது.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டினேன்.
பத்துப் பெயர்கள் வந்து நின்றன.
எதிரே, ஒவ்வொன்றும் சும்மா இருக்கும் நேரம்.
வாடல் தளம், நான்கு நிமிடம்.
குடோன், ஒரு நிமிடம்.
மேலாளர் அறை. மறுபடியும் மேலாளர்,
இந்தத் தடவை விருந்தினர் விடுதியிலிருந்து.
ஏழாவது வரியில் 'கணக்கு இரண்டு':
பத்தொன்பது நாள், நான்கு மணி.

சும்மா இருப்பவரைக் கால் மணியில்
இது தானாக வெளியே அனுப்பிவிடும்.
கையில் ஒரு கோப்பைத் திறந்து பிடித்திருந்தால் மட்டும்
தொடாது.
என்ன பிடித்திருக்கிறாய் என்று கேட்டேன்.
'ஈரக்கழிவு' என்றது.

"அது புஷ்பகாந்தி சீட்டு" என்றார் போஜன்.
அறை பூட்டு. கண்ணாடி வழியே
யூபிஎஸ்ஸின் பச்சைப் பொட்டு மட்டும்.
அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு, கூடலூர் போயிருக்கிறாள்.

ஒரு வரி தட்டினால் போதும்,
போஜன் உள்ளே போய்விடலாம்.
ஆனால் திறந்த கோப்பைப் பிடுங்கினால்
சேமிக்காதது போய்விடும். போன் செய்தேன்.

ஆஸ்பத்திரிச் சத்தம். பிறகு அவள் குரல், தணிவாக.
"சேமிக்க ஒண்ணுமில்ல சார்.
மழை இலைக்கு நூத்துக்கு அஞ்சு கழிக்கணும்னு கூட்டத்துல முடிவாச்சு.
எட்டாக்குங்கிறாரு அவரு.
நான் திறந்து வச்சிருந்தா
மத்தவங்களுக்கு வாசிக்க மட்டுந்தான் வரும்.
அதான் மூடாம வந்துட்டேன்."

வெளியே மூட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.
பூட்டு என்றால் இரும்பு என்று நினைத்திருந்தேன்.
இணைப்பு அறுப்பது என் வேலை, நாளுக்கு எண்ணூறு ரூபாய்;
யார் பக்கம் என்று ரசீதில் கட்டம் இல்லை.

மறுபடி பட்டியலைப் பார்த்தேன்.
விடுதியில் இருக்கிற மேலாளர்
ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார்,
பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன்,
ஆறு நாளாக.

அதைத் துண்டித்தேன்.

எடைமேடையிலிருந்து போஜன் கட்டைவிரலை உயர்த்தினார்.
பென்சில் கணக்கு ஒவ்வொன்றாகத் திரைக்கு ஏறியது:
பெள்ளி, பதினெட்டு கிலோ. லிங்கி, இருபத்திரண்டு.
கழிவு ஐந்து. ஐந்து. ஐந்து.

அறிக்கையில் எழுதினேன்:
'பயன்பாடற்ற இணைப்பு ஒன்று நீக்கப்பட்டது.'
பொய்யில்லை.

கையெழுத்துப் போடும்போது மேலாளர் கேட்டார்,
புதுசு வாங்கினால் எத்தனை பேர் உள்ளே வரலாம்?
எத்தனை பேர் வேண்டுமானாலும், என்றேன்.
பூட்டிய கோப்பை இங்கே உட்கார்ந்தே விடுவிக்கலாமா?
அதற்கும் ஒரு பொத்தான் உண்டு, என்றேன்.
அப்படியானால் விலைப்பட்டியல் அனுப்பு என்றார்.

ஒன்றாம் தேதி புஷ்பகாந்தி திரும்புகிறாள்.
பட்டியல் தயாராகத்தான் இருக்கிறது.
எமரால்டு தாண்டியதும் சிக்னல் வந்தது,
அனுப்பவில்லை.