தொழில் என்ற கட்டம்

வெள்ளவத்தையில் என் போட்டோக்கொப்பிக் கடைக்குப்
பொலிஸ் பதிவுப் படிவத்தோடு வந்தார்
மூன்றாம் மாடி டொக்டர் மங்களேஸ்வரியின் புருஷன்,
லெவ் யெரெமேயெவ்.
வீட்டில் தங்கியிருக்கும் எல்லோரையும் எழுதவேண்டும்,
வெள்ளைக்காரரையும்தான்.
பெயர் கட்டத்துக்கு வெளியே வழிந்தது.
பிறந்த நாடு?
இப்போது இல்லை, என்றார். சிரிக்கவில்லை.

தொழில்?

கார்ட்டூன், என்றார். பிறகு திருத்தினார்:
பெரியவர் முதல் படத்தைக் கீறுவார்,
கடைசிப் படத்தையும் கீறுவார்.
கால் தூக்கும்போது ஒன்று, ஊன்றும்போது ஒன்று.
இடையில் வரும் பத்தும் என்னுடையவை.
மொஸ்கோவில் பத்தொன்பது வருடம்
நடுவில் இருந்தேன்.

ஒரே ஒரு படம் முழுக்க அவரே செய்தாராம்.
ஆறு நிமிடம். தபால் கொண்டுபோகும் கொக்கு.
குழுவில் ஒருவர் கேட்டாராம்,
கொக்கு ஏன் தெற்கே பறக்கிறது?
குளிர், என்றாராம் இவர்.
எங்கள் நாட்டில் அவ்வளவு குளிரா, என்றாராம் இன்னொருவர்.
அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் தாளுக்குத் தட்டுப்பாடு.
தள்ளிவைத்த படத்தின் தாள்களைக் கழுவி
அடுத்த படத்துக்கு எடுப்பார்கள்.
அன்று கழுவும் முறை அவருடையது.
வெந்நீர், சோடா, பழந்துணி.
நாலாயிரம் கொக்கு சாம்பல் நிறமாய்க் கரைந்து
தொட்டியின் ஓட்டையில் இறங்கியதைச் சொல்லும்போது
கையை மட்டும் ஆட்டிக் காட்டினார்,
சட்டி கழுவுகிற மாதிரி.

ஒன்று தப்பியது.
மனைவியின் எக்ஸ்றே படங்களுக்கு நடுவே செருகிக்
கட்டுநாயக்காவில் இறக்கினாராம்.
அதை எடுத்து என் மெசினின் கண்ணாடியில் வைத்தார்.
மூடவேண்டாம், என்றார்.
பச்சை வெளிச்சம் அந்தத் தொங்கலுக்குப் போய்த் திரும்பியது.
கொக்கின் ஒரு கால் அந்தரத்தில்.
தூக்குதா, வைக்குதா?
எனக்கே மறந்துபோச்சு, என்றார்,
டொக்டரின் யாழ்ப்பாண இழுவையோடு.

வரிசையில் மூன்று பேர்.
ஐந்து மணிக்குள் ஸ்டேசனில் கொடுக்கவேண்டும்.
ஓவியர் என்று போட்டேன், வெட்டச் சொன்னார்.
சினிமா என்று போட்டேன், அதையும்.
கடைசியில் பேனாவை வாங்கி
கட்டத்துக்குள் சின்னதாய் ஒரு கால் கீறினார்.

சார்ஜன்ட் ஒன்றும் கேட்கவில்லையாம்.
முத்திரை பாதி நகத்தில் விழுந்திருந்தது.

அடுத்த கிழமை கால்வாய்ப் பாலத்தில் அவரைக் கண்டேன்.
கீழே சேற்றில், பொலித்தீன் பைகளுக்கிடையே,
உண்மைக் கொக்கு ஒன்று காலைத் தூக்கியது.
அவர் உதடு எண்ணத் தொடங்கியது.
ஆறு வருமுன்னே அது ஊன்றிவிட்டது.

இந்த ஊர்க் கொக்குக்கு
நடுவில் ஆள் தேவையில்லை, என்றார்.
பிறகும் போகாமல் நின்றார்,
பஸ் இரண்டு போனபிறகும்.