காலணி அலமாரியில் ஓர் அஞ்சலகம்

காற்று பிறக்கும் ஊரென்று
லியபாயாவைச் சொல்வார்கள்.
எங்கள் வீட்டுக் காற்று பிறப்பது
காலணி அலமாரியின் கீழ்த்தட்டில்,
பழைய லேப்டாப்பின் விசிறியில்.
காலி மீன் டப்பாக்கள் நான்கின் மேல்
சூடு தணிய உட்கார்ந்திருக்கிறது அது.
திரை செத்துப் பல வருடமாயிற்று.
ஆனாலும் அது ஓர் அஞ்சலகம்.
என் கணவர் இல்க்வர்ஸ் அதன் அதிபர்.
குடிமக்கள் இரண்டு பேர்.
அதில் ஒருத்தி நான்.

என் கடிதத்தை
எவனோ ஒருவன் கிடங்கில் வைப்பானேன்
என்றுதான் ஆரம்பித்தார்.
நியாயமான கேள்வி.
நியாயமான கேள்வியோடு குடும்பம் நடத்துவது எப்படியென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஐபி எண்ணுக்கு அக்கம்பக்கம் சரியில்லை.
எப்போதோ அதே வரிசையில் ஒருவனின் கணினி
வைரஸ் பிடித்து
லட்சம் பேருக்கு மாத்திரை விற்றிருக்கிறது.
அன்றிலிருந்து தெருவே கருப்புப் பட்டியலில்.
பெரிய கம்பெனிகளின் வாசலில்
எங்கள் கடிதம் போய் நின்றால்
நீ இன்னார்தான் என்று சொல்ல
ஆளிருக்கிறதா என்கிறார்கள்.
இணைய நிறுவனத்துக்கு ஏழு மாதம் எழுதினார்:
இந்த எண் யாரென்று எவராவது கேட்டால்
என் பேரைச் சொல்லுங்கள், போதும்.
ஏழு மாதக் கடிதங்களும்
அவர்கள் ஸ்பேமில் பத்திரமாக இருந்தன.

வெண்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில் கணக்கர் வேலை.
விண்ணப்பித்தேன். காத்திருந்தேன்.
வேறொருவரை எடுத்த பிறகு
ஒரு பெண் போனில் சொன்னாள்,
"குப்பையில் கிடந்தது, இன்றுதான் பார்த்தேன்,
நல்ல விண்ணப்பம்."

அன்றிரவு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
பெரிய கம்பெனி ஒன்றில் முகவரி வாங்கினேன்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
அடுத்தவன் வீட்டுப் படியேறியவள் மாதிரி
கை நடுங்கியது.

அவருக்குத் தெரியாமல் இருக்காது.
நள்ளிரவில் அஞ்சலகம் அவருக்கு அறிக்கை எழுதும்:
யார் வந்தார், யார் போனார்,
எத்தனை பேர் கள்ளச்சாவி போட்டுப் பார்த்தார்கள்.
கடைசியில் ஒரு வரி.
விஸ்மா: பூஜ்யம்.
விஸ்மா: பூஜ்யம்.
எழுபத்தொரு இரவு.
காலையில் காபி ஊற்றுவார்,
சர்க்கரையை என் பக்கம் தள்ளுவார்.
அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பரில் கடல் ஏறி வந்து
ஊரின் கேபிளை அறுத்தது.
கோபுரமும் சாய்ந்தது, போனில் ஒரு கோடுகூட இல்லை.
மின்சாரம் மட்டும் எப்படியோ இருந்தது.
"கவலை வேண்டாம்" என்றார் சமையலறையிலிருந்து,
"ஒழுங்கான சர்வர் ஐந்து நாள் விடாமல் தட்டும்."
ஐந்து நாள்!
மனிதர்கள் ஒருமுறை மணியடித்துவிட்டு
மாடிப்படி இறங்கிவிடுகிறார்கள்.

இரண்டாம் இரவு.
என் புதிய முகவரி
எந்த நாட்டுக் கட்டடத்தில் இருக்கிறதோ, எட்டவில்லை.
அலமாரிக்குள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது,
சாலையே இல்லாத அஞ்சலகம்.
வேறு எதுவும் திறக்காததால்தான்
பழைய பாஸ்வேர்டைத் தட்டினேன்.
அப்படித்தான் இப்போதும் சொல்வேன்.

மின்கட்டண ரசீது, பல் மருத்துவரின் நினைவூட்டல்,
எல்லாவற்றுக்கும் மேலே, பத்து நிமிடத்துக்கு முந்தைய ஒன்று.
தலைப்பு: சோதனை.
"விஸ்மா, இது வந்து சேருகிறதா என்று பார்க்கிறேன்."
சமையலறை மேசையிலிருந்து படுக்கையறைக்கு
பதினோரு எட்டு.
எந்தப் பட்டியலிலும் எங்களைத் தேடாமல்,
யாரும் பேர் கேட்காமல்,
கண்ணிமைக்கும் முன் வந்திருந்தது.
கீழே உருட்டினேன்.
சோதனை. சோதனை. சோதனை.
எண்ணவில்லை.

வந்தது, என்று எழுதி அனுப்பினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
நாற்காலி நகர்ந்தது.

கேபிள் ஆறாம் நாள் ஒட்டிக்கொண்டது.
அடுத்த வேலைக்கு
எந்த முகவரியைக் கொடுப்பதென்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.